வட்டத்துக்குள் ஒரு புள்ளி

நோர்வூட் சந்தியில் நாலரை பஸ்.
மடியில் மிதுர்ஷன், கம்பளித் தொப்பிக்குள் பாதித் தூக்கம்.
பின்சீட்டில் யாரோ இருமினார்கள்.
எழுந்து முன்னால் போய்
அவனைத் தூக்கிக்கொண்டே நின்றேன்
கினிகத்தேனை வரைக்கும்.

இன்றைக்கு எனக்குப் பேர் விழாது.
மாதத்தில் ஒரு நாள் இப்படி.
கணக்கப்பிள்ளை காரணம் கேட்பதை விட்டுவிட்டார்.

முதல் தடவை அம்புலன்ஸில் வந்தோம்.
மூன்றாவது நிமோனியா அவனுக்கு,
காதில் சீழ், முழங்கால் வீக்கம்.
பேராதனை வாட்டில் டொக்டர் ஒரு வெள்ளைத் தாள் எடுத்தாள்.
அவளுக்குத் தமிழ் பத்துச் சொல்.
என் சிங்களம் சந்தைக்குத்தான் போதும்.
சதுரம் போட்டாள்: ஆண்.
வட்டம் போட்டாள்: பெண்.
என் மகனைச் சதுரமாக்கி
உள்ளே கறுப்பாய் அடைத்தாள்.
பிறகு பேனாவை மேலே நகர்த்தி
"மாமா?" என்றாள்.
"மாமா?"
இரண்டு பாஷையிலும் அந்தச் சொல் ஒன்றுதான்.

இருந்தான்.
குணரூபன். என் தம்பி.
எனக்கு ஏழு வயது, அவனுக்கு மூன்றுகூட நிறையவில்லை,
அடைமழை மாதத்தில் நெஞ்சு அடைத்துப் போனான்.
பச்சைத்தண்ணியில் குளிப்பாட்டிக் கொன்றாள் என்று
லயம் முழுக்க அம்மாவைச் சொன்னது.
அம்மா இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை.
ஆறாம் நம்பர் மலை, கான் ஓரம் புதைத்தார்கள்.
அங்கே இப்போது நல்ல கொழுந்து.
நானே எடுத்திருக்கிறேன்.

இன்னொரு சதுரம், அதுவும் கறுப்பு.
அம்மாவிடமிருந்து ஒரு கோடு எனக்கு.
என் வட்டத்தை அடைக்கவில்லை,
நடுவில் ஒரு புள்ளி மட்டும் வைத்தாள்,
பொட்டு வைத்த முகம் மாதிரி.
"ஒங்களுக்கு ஒண்டும் இல்ல.
கொண்டு வாறது மட்டும்."

கொண்டு வருவது எனக்குப் புதிதா,
பதினெட்டு கிலோ முதுகில் ஏற்றி
எத்தனை மலை இறங்கியிருக்கிறேன்.
இதற்குத்தான் பாரம் தெரியவில்லை.
வாட்டுக் குழாயில் முகம் கழுவி
நெற்றியை வெறுமையாய் விட்டேன் அன்றைக்கு.
பக்கத்துக் கட்டில் தாய் பார்த்தாள்,
மாவனெல்லைக்காரி. ஒன்றும் கேட்கவில்லை.

போத்தல் தொங்குகிறது.
இந்த ஒன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல்
இரத்தம் கொடுத்தார்களாம், மிஸ் சொன்னார்.
யாருக்கோ வந்துபோன சின்னமுத்து,
எந்த ஊர்க் குழந்தையோ இருமித் தீர்த்த குக்கல்,
யாருடைய தாடையோ வீங்கி வற்றிய பொன்னுக்குவீங்கி.
அவர்கள் உடம்பு மறக்காமல் வைத்திருப்பது
சொட்டுச் சொட்டாய் இவனுக்குள்.
மூன்று வாரம் நிற்கும்.
நாலாவது வாரம் மறந்துபோகும்,
மறுபடி நாலரை பஸ்.

போலியோ சொட்டு நாளில்
பிள்ளைமடுவத்து வரிசையில் இவன் இல்லை.
கொப்பியில் இவன் பேருக்கு நேரே சிவப்புக் கோடு.
"ஏன் எனக்கு மட்டும் இல்ல?"
கசக்கும் என்றேன்.
மற்றப் பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டினார்கள்,
இனிப்பு என்று.

எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும்
நடுச்சுவர் கூரையைத் தொடாது.
கருவாட்டு மணம் தாண்டி வரும், சண்டை தாண்டி வரும்.
போன பங்குனியில் அங்கே அம்மாள் போட்டது.
வேப்பிலை இந்தக் குளிரில் ஏது,
மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்தது.
எல்லாரும் வா தாயே என்றார்கள்.
நான் சுவர் மேல் பொலித்தீன் ஆணியடித்து,
இங்கே வராதே தாயே, வராதே என்று
முணுமுணுத்துக்கொண்டே அடித்தேன்.
அவள் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தத் தாள் இன்னும் கிளினிக் கொப்பிக்குள்
நாலாய் மடித்துக் கிடக்கிறது.
அடியில் ஒரு வட்டம், இவன் தங்கச்சி.
உள்ளே டொக்டர் எதுவும் போடவில்லை.
"வளரட்டும், பிறகு பார்ப்பம்."

காலையில் குளிப்பாட்டி,
திருஷ்டிக்கு மை தொட்டு
நெற்றிக்குக் கொண்டு போன விரல்
அப்படியே நிற்கிறது.

கன்னத்தில் வைக்கிறேன்,
ஓரமாய்.